மஞ்சள் படக்கூடாத கூண்டுகள்

1996, மைசூர். ஆயுத பூஜைக்கு மறுநாள் விடுமுறை. இருப்புக்கொள்ளாமல் ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன். கோபம் பற்றிக்கொண்டு வந்தது. எல்லா எலிக் கூண்டுகளிலும் மஞ்சள் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்திருந்தது.

ஆய்வுக்காக நாங்களே சர்க்கரை நோய் வரவழைத்த எலிகள். மஞ்சள் அவற்றின் கண்புரையைத் தடுக்குமா என்று பார்க்கிறோம். பாதி எலிகளுக்குத் தீனியில் மஞ்சள் உண்டு. மீதிக்கு அதன் வாடையே படக்கூடாது.

"அறிவிருக்கா பூங்குழலி?" என்று, எலிகளுக்குத் தீனி வைக்க வந்த என் ஆராய்ச்சி மாணவியிடம் கத்தினேன்.

"பூஜைல பாதிக்கு வெச்சு பாதிக்கு விடறதா மேடம்? பாவம் இல்லையா?"

"போய்த் துணி கொண்டா!"

அவள் வரும்வரை பொறுக்காமல், மஞ்சள் ஆகாத கூண்டுகளைக் கையாலேயே வழித்தேன். கண் வெளுத்த ஓர் எலி கம்பி வழியே என் மஞ்சள் விரலை நக்கியது.

நான் விரலை எடுக்கவில்லை.