வெள்ளையா, சிவப்பா

பின்பக்கச் சுவரோரம் நின்ற காகிதப்பூச் செடி இதுவரை ஒரு பூகூடப் பூத்ததில்லை. அதை நட்டவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். என்ன நிறத்தில் பூக்கும் என்று செடி விற்றவனுக்கே தெரியவில்லை. பூத்தால் தெரியும் என்று கையை விரித்துவிட்டான். "சிவப்புதான்" என்று அவள் அடித்துச் சொன்னாள். "வெள்ளை" என்றார் புருஷன், சும்மா வம்புக்கு. தோற்றவர் ஒரு மாசம் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்று பந்தயம்.

தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. பெட்டிக்குள் இத்தனை பேர்தான் என்று எழுதியிருந்தால், அதற்கு மேல் ஒரு கைக்குழந்தையைக்கூட ஏற்ற விடமாட்டார். வீட்டிலும் அதே பிடிவாதம். மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டு, தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அளக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். அவள் கெஞ்சினாள், திட்டினாள், பேசாமல் இருந்து பார்த்தாள். மனுஷன் அசையவில்லை.

ஒரு மத்தியானம் செடிக்குத் தண்ணீர் விடப் போனவள், குழாயை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தாள். அவர் ஓடிப்போய்ப் பிடுங்கினார்.

"ஒரே ஒரு வாய்ங்க. செடிக்கு மட்டும் இவ்வளவு ஊத்தறோமே."

கொடுக்கவில்லை. பிழைத்துக்கொள்வாள் என்றுதான் கொடுக்கவில்லை. அப்படியும் அவள் பிழைக்கவில்லை.

அதிலிருந்து காலையும் மாலையும் செடிக்குத் தண்ணீர்தான். மழை பெய்த நாளிலும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். செடி மதமதவென்று வளர்ந்து சுவரை மறைத்தது. இலை, இலை, எங்கே பார்த்தாலும் இலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை எட்டிப் பார்க்க வருகிற ஒரே ஆள் கொழுந்தியாள். வந்தவள் சேற்றில் செருப்பு புதைய நின்று சிரித்தாள்.

"என்ன அத்தான், நாத்து நடப் போறீங்களா?"

"செடி வாடக்கூடாதில்ல."

"வாடணும் அத்தான். இதுக்குத் தாகம் எடுத்தாதான் பூக்கவே பூக்கும். எங்க ஆபீஸ் வாசல்ல நிக்கறதுக்கு யாரு தண்ணி ஊத்தறா? தீப்பிடிச்ச மாதிரி பூத்துக் கிடக்கு. நீங்க இப்படி ஊட்டி ஊட்டி வளர்த்தா தின்னுட்டுத் தூங்கத்தான் செய்யும்."

"காயப் போடச் சொல்றியா?"

அவர் கேட்ட விதத்தில் அவள் சிரிப்பு நின்றுபோனது. மெதுவாகச் சொன்னாள். "அக்காதான் பாக்காமயே போயிட்டா. நீங்களாவது பாத்துச் சொல்ல வேணாமா, என்ன நிறம்னு?"

அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவளுக்காக அவரால் தெரிந்துகொள்ள முடிகிற ஒரே விஷயம் அது. அன்றைக்கே குழாயைச் சுருட்டிக் கட்டிவைத்தார்.

முதலில் மண் வெளுத்தது, பிறகு வெடித்தது. வேலையிலிருந்து திரும்பினால் பின்பக்கக் கதவைத் திறக்கமாட்டார். ஆனால் அடுப்படி ஜன்னல் வழியே தெரிந்துவிடும். ஒரு நாள் கிளை நுனியில் இலை மாதிரியும் இல்லாமல், பூ மாதிரியும் இல்லாமல், மெல்லிய காகிதத் துணுக்குகளைக் கண்டார். இளம்பச்சை. உடனே கொழுந்தியாளுக்குப் போன் போட்டார்.

"வந்துடுச்சா! இன்னும் கொஞ்ச நாள்தான் அத்தான், நிறம் ஏறிடும். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருங்க. கெடுத்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். விடுமுறை நாள் ஒன்றில் வெயில் மண்டையைப் பிளந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் தம்ளரில் தண்ணீர் எடுத்து வாய்வரை கொண்டுபோனார். ஜன்னலுக்கு வெளியே செடியின் இலைகள் எல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டிருந்தன. வாட்டம்தான், சாவில்லை, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். இதே வார்த்தைகளை இதே அடுப்படியில் நின்று வேறொருத்தியிடம் சொன்னவர் அவர்.

தம்ளரைக் கொண்டுபோய் வேரில் ஊற்றினார். மண் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டது. அவ்வளவுதான், மனசு விட்டுப்போயிற்று. கட்டை அவிழ்த்து, குழாயை மாட்டி, கால் நனையத் தேங்கும் வரை விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியாள் வந்தபோது அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். துணுக்குகள் எல்லாம் சேற்றில் உதிர்ந்து கிடந்தன. ஒன்றைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பச்சைதான்.

"ஏன் அத்தான்? இவ்வளவு நாள் பொறுத்தீங்களே."

"தண்ணி கேட்டுச்சும்மா."

அவள் சண்டை போட வாயெடுத்தாள். பிறகு குனிந்து மண்ணைக் கிளறினாள். அழுகல் வாடை அடித்தது. "இனிமே பூக்கறது இருக்கட்டும். இப்படியே ஊத்தினா வேர் அழுகிச் செத்தே போயிடும். தெரியுமா?"

"தெரியும்" என்றார் லிஃப்ட்காரர். குழாயை மூடவில்லை.