மூன்றாவது மைல் தண்ணீர்

1934ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் நாலரை மணிக்குக் கோலாலம்பூரில் சர்வதேசக் குறுக்கோட்டப் போட்டி நடந்தது. சயாம், ஜாவா, சிங்கப்பூர், சிலாங்கூர் ஆகிய நான்கு அணிகள் கலந்துகொண்டன. ஓட்டம் ஆறு மைல். மூன்றாவது மைலில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால், ஓட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப்படும் என்று அச்சிட்ட அறிவிப்பில் ஒரு வரி இருந்தது.

அந்த ஒரு வரியால், தண்ணீர் கொடுக்கும் பொறுப்பை ஏற்ற தம்புசாமியின் வீட்டில் அன்று காலையிலிருந்தே யாரும் யாரோடும் நேராகப் பேசவில்லை.

"எண்ணி வெச்சிருக்கேன். லோட்டா அஞ்சு, மங்கு ஒண்ணு," என்று அவன் தாய் பவுனம்மாள் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். சொன்னது மருமகள் இராஜம்மாவுக்கு.

லோட்டாக்கள் இராஜம்மாவுக்குத் தாய்வீட்டில் சீராகக் கொடுத்தவை. பித்தளை, அரை டஜன். ஐந்தைத் தேய்த்து வரிசையாகக் கவிழ்த்துவிட்டு ஆறாவதைப் பவுனம்மாள் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள். அதன் இடத்தில் இருந்தது, ரப்பர் மரத்தில் பால் ஏந்தக் கட்டுகிற பழைய மங்கு. உள்ளே கறுத்துப்போய், எத்தனை கழுவினாலும் ரப்பர் நாற்றம் போகாதது.

"பொட்டியில ஒண்ணு இருக்கே அத்தை. அதையும் எடுத்தா ஆறாயிடும்."

"ஆறு எதுக்கு? ஓடறது அஞ்சு பேரு. கூட இன்னொண்ணும் ஓடுது. அதுக்குத்தான் மங்கு."

அந்த 'இன்னொண்ணு' பக்கிரிசாமி. ரயில்வேயில் தண்டவாளம் பழுதுபார்க்கும் கூலி. தோளில் சுத்தியலோடு தினமும் எட்டு மைல் தண்டவாளத்தின் மேலேயே நடப்பவன். சிலாங்கூரில் அவனை விட வேகமாக ஓடக்கூடியவர் யாரும் இல்லை. அவன் பிறந்த சாதிக்குப் பவுனம்மாள் தன் பாத்திரத்தில் தண்ணீர் கொடுத்ததும் இல்லை.

கூடத்தில் தம்புசாமி கான்வாஸ் சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா; கூலிகளுக்குக் 'கிராணி'. இளங்கதிர் விளையாட்டுக் கழகத்துக்கும் சிலாங்கூர் அணிக்கும் தலைவன். போன மாதம் கழகத்தின் ஆண்டு விழாவில், "சாதி என்ற மூட்டையை நாம் நாகப்பட்டினத்துக் கரையிலேயே போட்டுவிட்டுக் கப்பலேறியிருக்கவேண்டும்!" என்று மேசையைத் தட்டிப் பேசிக் கைதட்டல் வாங்கியவன். இப்போது ஒரே கயிற்றை மூன்றாவது தடவையாக அவிழ்த்துக் கட்டினான்.

"அம்மா..." என்றான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. காலுறை எங்கன்னு கேட்டேன்."

"உன் கால்லதான் கெடக்கு."

இராஜம்மாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. விஷயம் அவளுக்குத் தெரியும். மே மாதம் நடந்த மாநிலப் போட்டியில் பக்கிரிசாமி முதலாவதாக வந்தான். அதற்குப் பிறகு நடந்த தேநீர் விருந்தில் ஐந்து பேருக்குக் கண்ணாடிக் குவளையிலும் அவனுக்குப் பால்டின்னிலும் தேநீர் வந்தது. அவன் அதை வாங்கி, பக்கத்திலிருந்த மாமரத்தின் வேரில் மெதுவாக ஊற்றிவிட்டு, டின்னைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான். அதன்பிறகு இரண்டு வாரம் பயிற்சிக்கு வரவில்லை. தம்புசாமிதான் அவன் இருந்த கூலி லயத்துக்குத் தேடிப்போய்க் கெஞ்சினான்.

"ஓடறதுக்கு எனக்கு ஒண்ணும் வேணாம் கிராணி," என்றானாம் பக்கிரிசாமி. "மத்தவங்களுக்கு எதுல தண்ணியோ, அதுலயே எனக்கும். வேற எதையாச்சும் நீட்டினீங்கன்னா அந்த எடத்துலயே ஒக்காந்துடுவேன். சயாம்காரன் வந்து தூக்கினாலும் எந்திரிக்கமாட்டேன்."

தம்புசாமி வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். கொடுத்த வாக்கைத் தாயிடம் சொல்லும் வேலையை மனைவியிடம் கொடுத்தான்.

"நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும் ராஜம்," என்று பின்கட்டில் கிசுகிசுத்தான்.

"மேடையில பேசினது நீங்க. மங்கை எடுக்கறது நானா?"

"நான் கேப்டன். ஓட்டத்தைக் கவனிக்கணும்லா."

"சரி, நல்லா ஓடுங்க. அதுதான் ஒங்களுக்கு நல்லா வருது," என்றாள் இராஜம்மா.

*

தண்ணீர் மேசை லாலான் புல் காட்டை ஒட்டி, வாய்க்கால் கரையில் போடப்பட்டிருந்தது. இரண்டு வாளித் தண்ணீர், ஐந்து லோட்டா, ஓரமாக மங்கு. குவாட்டர்ஸ் பெண்கள் பின்வாசல் வேலிகளில் வரிசையாக நின்றார்கள். பார்சல் ஆபீஸில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுச் சிரில் கையில் சிவப்புக் கொடியோடு, ஓட்டக்காரர்களுக்கு வழி காட்டும் அதிகாரியாக நின்றான். அதற்காக அவன் கழுத்தில் டை கட்டியிருந்தான்.

"ஒவ்வொரு அணியிலயும் ஆறு பேரு," என்று அவன் இராஜம்மாவுக்கு விளக்கினான். "மொதல்ல வர நாலு பேரு எடத்தைக் கூட்டுவாங்க. ஒண்ணாவது வந்தா ஒரு புள்ளி, பத்தாவது வந்தா பத்து. கூட்டினா யாருக்குக் கம்மியோ அவங்களுக்குத்தான் கோப்பை. பக்கிரி ஒண்ணாவது வந்தாலும், உங்க வீட்டுக்காரரு இருபதாவது வந்தா நாம காலி."

பிறகு மேசையைப் பார்த்தான். "பெரியம்மா, மத்த ஊர்க்காரங்களுக்குக் கோப்பை எங்க?"

"அவங்கவங்க பாத்திரத்தை அவங்கவங்க கொண்டாரமாட்டாங்களா?" என்றாள் பவுனம்மாள்.

"ஓடிக்கிட்டேவா?"

தண்ணீர் பற்றிக் கழகத்தின் மூன்று கூட்டங்களில் பேசியிருந்தார்கள். மூன்றிலும் பேசியது, பக்கிரிசாமிக்கு எதில் கொடுப்பது என்பதுதான். வெளியிலிருந்து வரும் பதினெட்டு பேருக்கு எதில் கொடுப்பது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. வெளியூர் போகிற மனிதன் தன் செம்பைத் தானே எடுத்துப்போவான் என்பது அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். அதைக் கேள்வி கேட்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் வேலிகளில் கூச்சல் எழுந்தது. ஈயம் தோண்டும் லம்பத்தின் மணல் மேட்டைத் தாண்டி முதல் தலைகள் தெரிந்தன.

சயாம்காரர்கள் இருவர் முன்னால் வந்தார்கள். மேசையருகே வேகம் குறைக்காமலே ஆளுக்கு ஒரு லோட்டாவை எடுத்து, வாளியில் முக்கி, வாய் வைத்து மடமடவென்று குடித்து, லோட்டாவை லாலானுக்குள் வீசிவிட்டுப் போனார்கள்.

"ஐயோ, என் லோட்டா!" என்று பவுனம்மாள் மார்பில் கை வைத்தாள்.

அடுத்து சிங்கப்பூர்ச் சீனர் ஒருவர். மூன்றாவது லோட்டாவும் புல்லுக்குள் பறந்தது. அவருக்குப் பின்னால் ஜாவா அணியின் உயரமான டச்சுக்காரர், முகம் தக்காளிப் பழமாகச் சிவக்க வந்தார். நான்காவது லோட்டாவை எடுத்து வாயோடு கவ்விக் குடித்து, பவுனம்மாளைப் பார்த்துத் தலையசைத்து ஏதோ சொன்னார். பிறகு அவரும் வீசினார்.

பவுனம்மாளின் கை மார்பிலிருந்து இறங்கியது. முகம் மலர்ந்தது.

"பாத்தியாடா சிரிலு! நம்ம லோட்டாவுல துரை வாய் வெச்சுக் குடிச்சாரு!"

"மாடு திங்கற ஆளு பெரியம்மா அவரு."

"போடா. துரைக்கு ஏதுடா ஜாதி?"

சொல்லிக்கொண்டே ஐந்தாவது லோட்டாவை எடுத்து இடுப்புச் சேலையில் சொருகிக்கொண்டாள். அது மகனுக்கு. மேசையில் இப்போது மங்கு மட்டும் இருந்தது.

ஐந்தாவதாக வந்தவன் பக்கிரிசாமி. அவன் ஓடி வந்ததாகவே தெரியவில்லை. தண்டவாளக் கட்டை கட்டையாகத் தாண்டுகிறவன் போல ஒரே அளவாகக் கால் வைத்து வந்தான். மேசையைப் பார்த்தான். மங்கைப் பார்த்தான். நின்றான். பிறகு சொன்ன வாக்குத் தவறாமல் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டான்.

"டேய் பக்கிரி! எந்திரிலா!" என்று சிரில் கொடியை ஆட்டிக்கொண்டு கத்தினான். வேலிப் பெண்கள் கத்தினார்கள். ஒரு சிங்கப்பூர்க்காரன் தாண்டிப் போனான். பின்னாலேயே ஒரு ஜாவாக்காரன்.

"கிராணி வாக்குக் குடுத்தாரு," என்றான் பக்கிரிசாமி, மூச்சு வாங்காமல். யாரையும் திட்டவில்லை. ரயிலுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

இராஜம்மா மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, அதைக் குடுங்க."

"எதை?"

"இடுப்புல இருக்கறதை."

"புத்தி கெட்டுப்போச்சாடி ஒனக்கு? இது எம் மவனுக்கு."

"அது எங்க அம்மா எனக்குக் குடுத்தது," என்றாள் இராஜம்மா. சத்தம் போடவில்லை. கையை நீட்டி, மாமியாரின் இடுப்பிலிருந்து லோட்டாவை உருவி, வாளியில் முக்கி, நிறைய மொண்டு எடுத்துப்போனாள். வேலியிலிருந்த பெண்கள் எக்கிப் பார்த்தார்கள்.

பக்கிரிசாமி எழுந்து வாங்கினான். பழக்க தோஷத்தில் லோட்டாவை ஒரு முழம் உயரத்துக்குத் தூக்கி அண்ணாந்தான்.

"வாய் வெச்சுக் குடிங்கண்ணே," என்றாள் இராஜம்மா. "நேரமாவுது!"

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். வாய் வைத்தான். ஒரே மூச்சில் குடித்தான். லோட்டாவை வீசவில்லை, இரண்டு கையாலும் அவள் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"வரேன் தங்கச்சி," என்றான். அதன்பிறகு அவன் ஓடிய ஓட்டத்தைப் பற்றிச் சிரில் பல வருஷம் பேசினான். அவன் போனபின் காற்று வந்ததாம். அதற்குப்பின் சத்தம் வந்ததாம். அதை நம்பவேண்டியதில்லை. ஆனால் லாலான் காட்டின் மறுமுனைக்குள்ளேயே முன்னால் போன இருவரையும் அவன் தாண்டியதை வேலியிலிருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

சிலாங்கூர் அணியின் ரெங்கசாமியும் அய்யாவும் தண்ணீர் வேண்டாமென்று கையாட்டிவிட்டு ஓடினார்கள். பன்னிரண்டாவதாகத் தம்புசாமி வந்தான். உதடு வெளுத்திருந்தது. கால் பின்னியது.

"அம்மா... தண்ணி..."

பவுனம்மாள் மேசைக்கு ஓடினாள். மங்கு இருந்தது. யாரும் வாய் வைக்காதது. காலையில் அவளே மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தது. ஆனால் அது மங்கு. ஊர் பார்க்க மகனுக்கு அதில் கொடுக்க முடியுமா? இராஜம்மாவின் கையில் லோட்டா இருந்தது. ஆனால் அதில் பக்கிரிசாமி குடித்திருந்தான். மற்ற நாலும் லாலானுக்குள்.

"இதுல குடுக்கவா அத்தை?" என்று இராஜம்மா லோட்டாவை நீட்டினாள்.

"வேணாம்! கையை ஏந்துடா!" என்று பவுனம்மாள் வாளியையே தூக்கினாள்.

தம்புசாமி குனிந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வாய்க்கு நேரே வைத்துக்கொண்டான். தாய் வாளியை உயரத் தூக்கி, தொட்டுவிடாமல், மேலேயிருந்து ஊற்றினாள். ஊரில் கிணற்றடியில், பக்கிரிசாமியின் பாட்டனும் பூட்டனும் இப்படித்தான் தண்ணீர் குடித்தார்கள். அது பவுனம்மாளுக்கு நினைவு வந்ததா என்பது தெரியாது. வேலியிலிருந்த வயதான பெண்கள் இரண்டு மூன்று பேருக்கு வந்தது. ஒருத்தி சிரிக்கத் தொடங்கினாள். அது வேலி நெடுகப் பரவியது.

தண்ணீரில் பாதி மூக்கில் ஏறியது. தம்புசாமி இருமினான். அவன் இருமி முடிப்பதற்குள் இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள்.

"ஓடுங்க கேப்டன், ஓடுங்க!" என்று சிரில் கொடியால் அவன் முதுகில் தட்டினான்.

*

பக்கிரிசாமி முதலாவதாக வந்தான். டச்சுக்காரர் இரண்டாவது. ரெங்கசாமி ஏழு, அய்யாவு ஒன்பது, தம்புசாமி பதினான்கு. கூட்டினால் முப்பத்தொன்று. சயாமுக்கு முப்பது. கோப்பை சயாமுக்குப் போயிற்று.

இருந்தும் குவாட்டர்ஸில் யாரும் அழவில்லை. பக்கிரிசாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்கியவர்களில் மே மாதம் பால்டின்னை நீட்டியவரும் இருந்தார். தம்புசாமியின் வீட்டு வாசலில் பக்கிரிசாமியை இறக்கியபோது, தம்புசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

"அம்மா, இவரு உள்ள வராரு," என்றான். இந்தத் தடவை காலுறையைத் தேடவில்லை.

பவுனம்மாள் தடுக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை இருந்தது. லாலானிலிருந்து பிள்ளைகள் பொறுக்கி வந்த நான்கு லோட்டாக்களும் இராஜம்மா கொண்டுவந்த ஒன்றும் சமையலறையில் ஒன்றாகக் கிடந்தன. ஐந்தும் ஒரே அச்சு. பவுனம்மாள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுல துரை குடிச்சது எதுடி? ஒனக்கு அடையாளம் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"அவன் குடிச்சது?"

"அதுவும் தெரியும்."

"துரை குடிச்சதை எடுத்துக் குடு. வீட்டுக்கு ஒரு பெருமையா இருக்கட்டும். அவன் குடிச்சதைப் பழைய பித்தளைக்காரன்கிட்ட போட்டுடலாம்."

கூடத்தில் சிரிலின் குரலும், பக்கிரிசாமியின் சிரிப்பும் கேட்டன. இராஜம்மா குனிந்து ஒரு லோட்டாவை எடுத்தாள். வாய்க்கால் கரையிலிருந்து அது அவள் கையை விட்டு இறங்கவே இல்லை. சற்று முன்னால்தான் மற்றவற்றின் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"இதுதான் அத்தை துரை குடிச்சது," என்று நீட்டினாள். பிறகு நான்கில் கைக்கு வந்த ஒன்றை எடுத்து, "இது அவரு குடிச்சது," என்றாள். அதில் குடித்தது சயாம்காரரா, சீனரா, டச்சுக்காரரா என்பது அவளுக்கும் தெரியாது.

பவுனம்மாள் முதல் லோட்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, கூடத்துக் கண்ணாடி அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினாள். இரண்டாவது லோட்டா திங்கட்கிழமை பித்தளைக்காரனிடம் போடப்பட்டது. அவன் அதற்கு ஒன்பது காசு கொடுத்தான்.