எல்லைச்சாமி காரில் ஏறிய நாள்

கிஷனுக்கு இடுப்புவரை சேறாகிவிட்டிருந்தது. சேறு பூசிக்கொண்டான் என்று நினைத்துவிடாதீர்கள், சேறாகவே ஆகிவிட்டான். கால் இருந்த இடத்தில் கால் வடிவத்தில் களிமண் இருந்தது. முதல் நாள் அக்கா புனிதா, ஏதோ அழுக்குத்தான் என்று அவனைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட, இடது கால் கட்டைவிரல் கரைந்து துளை வழியாகப் போயே போய்விட்டது. அன்றிலிருந்து அவன் பக்கத்தில் யாரும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொண்டுபோவதில்லை. மின்விசிறியும் போடுவதில்லை; காற்றுப் பட்டால் காய்ந்து வெடிக்கிறது. கரையவும் கூடாது, காயவும் கூடாது. கிள்ளானில் தன் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அவனை உட்காரவைத்து, லேசாக நனைத்த துணியைப் போர்த்திவிட்டு, புனிதா பக்கத்திலேயே கிடந்தாள்.

டாக்டர்களும் பார்த்தார்கள். ஒருவர் தோல் வியாதி என்றார். இன்னொருவர் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார். அவரை நன்றாக நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று புனிதாவுக்கு வாய்வரை வந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது? தம்பி பிழைக்க வேண்டும், அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வாடகைக் கார் ஓட்டி அவள் ஆளாக்கிய பிள்ளை அவன்.

வினை டெங்கிலில் தொடங்கியது. அவர்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தை முதலாளிகள் வீடு கட்ட விற்றுவிட்டார்கள். நிலத்தைச் சமப்படுத்த எக்ஸ்கவேட்டர் ஓட்டப் போனவன், வேறு யாருமில்லை, கிஷனேதான். பழைய ஈயச் சுரங்கம் தோண்டிப்போட்ட குட்டையின் கரையில், ஆலமரத்தடியில், காவல்சாமி சடைமுனியின் கல் நின்றது. அதையும் எடு என்றார் மேலாளர். நம்மவர்கள் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்களோ அதையேதான் அவனும் செய்தான். இயந்திரத்தின் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தான், கற்பூரம் கொளுத்தினான், "மன்னிச்சுக்க சாமி, நான் கூலிக்காரன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு கல்லைப் பெயர்த்தான். ஒரு எலுமிச்சம்பழம் எவ்வளவு பாவத்தைத் தாங்கும் என்று நாம் யாரும் யோசிப்பதே இல்லை.

அந்தக் கல்லுக்கு அடியில் சேற்றுவாயன் இருந்தான். ஈயம் தோண்டிய காலத்தில் கூலிகளை ஆள் ஆளாக விழுங்கியவன். அவன் வாய்மேல்தான் முன்னோர்கள் முனியைக் கொண்டுவந்து காவல் உட்காரவைத்தார்கள். கல் புரண்டதும் வாய் திறந்துகொண்டது. இயந்திரத்தை விட்டு இறங்கிய கிஷனின் பாதத்தை அந்தச் சேறு ஒரு தரம் நக்கியது. அது போதுமாக இருந்தது.

பூசாரி குடும்பத்தில் மிச்சமிருந்தவன் விமலன். ஷா ஆலமில் ஏர்கோன் பழுது பார்ப்பவன். மந்திரத்தில் பாதி தெரியும். மீதியைச் சத்தமாகச் சொல்லிச் சமாளித்துவிடுவான். ஆனால் நல்லவன். சேதி கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"கல்லு போச்சுன்னா சாமி போயிடுமா? அந்த மரத்து வேர்லதான் இன்னும் இருக்காரு. கலசத்துல இறக்கி இங்க கொண்டாந்துரலாம். உங்க வீட்டுப் பின்னால கல்லு நட்டு உட்கார வச்சிட்டோம்னா சேத்துவாயன் வாயைக் கட்டிருவாரு. தம்பி எழுந்துருவான்" என்றான்.

"யார் தூக்கறது?"

"நீங்கதாங்கா. ரத்த சொந்தம் தூக்கணும். பானை தரையில படக்கூடாது. தூக்கினதுலேர்ந்து கல்லுல ஊத்தற வரைக்கும் நீங்க வாயைத் தொறக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"அந்தக் காலத்துல கிள்ளான் துறைமுகத்துலேர்ந்து டெங்கில் வரைக்கும் நடந்தே கொண்டுபோனாங்கன்னு அப்பா சொல்லுவாரே. நாமளும் நடக்கணுமா?"

விமலன் கொஞ்சம் தலையைச் சொறிந்தான். "அப்ப கார் ஏதுக்கா? இருந்திருந்தா ஏறியிருக்க மாட்டாங்களா? ஹைவேல நடந்தா லோரிக்காரன் அடிச்சிட்டுப் போயிருவான் லா. பாருங்க, சேறு நெஞ்சுக்கு வந்துருச்சு. நடந்து வந்து சேர்றதுக்குள்ள தம்பி வாயை மூடிரும்."

புனிதா தம்பியைப் பார்த்தாள். துணிக்கு மேலே நெஞ்சு பழுப்பாகத் தெரிந்தது. வாதாட நேரமில்லை. பக்கத்து வீட்டு குமுதா ஆன்டியைத் துணைக்கு வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"சீக்கிரம் வந்துருக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்றான் கிஷன். எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிற ஆம்பிளை, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

பிரிக்பீல்ட்ஸில் செப்புக் கலசமும் நூலும் சுருட்டும் வாங்கி, முனிக்குப் பிடித்த கறுப்பு பீர் ஒரு போத்தலும் எடுத்துக்கொண்டு டெங்கில் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வேலையாட்கள் பயந்து போனதால் இடம் வெறிச்சோடிக் கிடந்தது. தகர வேலியில் ஒரு ஓட்டை வழியாக நுழைந்தார்கள். ஆலமரம் சாய்ந்து கிடந்தது. விமலன் வேர்மேல் சுருட்டைப் பற்றவைத்து, பீரை ஊற்றி, தெரிந்த பாதியையும் தெரியாத பாதியையும் அழுதபடியே உரக்கச் சொன்னான். மந்திரத்தைவிட அவன் கண்ணீர்தான் முனிக்குக் கேட்டிருக்க வேண்டும். புனிதா ஏந்தியிருந்த கலசத்துத் தண்ணீர் தானாக ஒரு சுற்றுச் சுற்றியது. மறு நொடி அது நிரம்பிய சமையல் கேஸ் தோம்பு போலக் கனத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தலைமேல் ஏற்றினாள்.

அப்போது குட்டைத் தண்ணீர் உள்வாங்கியது. அடியிலிருந்து சேறு ஒரு வீட்டு உயரத்துக்கு எழுந்து நின்றது. அதற்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. வாய் மட்டும் ஊரளவுக்குத் திறந்திருந்தது. உள்ளே முகங்கள் மிதந்தன. ஓலைத்தொப்பி போட்ட சீனர்களும் முண்டாசு கட்டிய நம் ஆட்களும் வரிசையில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு, காலங்காலமாக மென்று தீராமல் கிடந்தார்கள்.

"ஓடுங்கக்கா!" என்று கத்தினான் விமலன்.

தலையில் கனத்தோடு எங்கே ஓடுவது? அவள் கரைமேல் வேகமாக நடந்தாள். சேறு அவளைச் சுற்றி வந்தது, ஆனால் தொடவில்லை, பானையிலிருந்தவருக்குப் பயந்தது. தொட முடியாததால் அது கிஷன் குரலில் பேசியது. "அக்கா, என் கால் இங்கதான் இருக்கு. எடுத்துக்கிட்டுப் போயேன். அக்கா, உன்னத்தான் கூப்பிடறேன், ஏன் பேச மாட்டேங்கற?"

பதில் சொல்லிவிட அவள் வாய் துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள், ரத்தம் உப்புக் கரித்தது. பின்னால் விமலன் அலறினான். சேறு அவன் பூட்ஸைக் கவ்விவிட்டது. காலை மட்டும் உருவிக்கொண்டு, ஒற்றைக் காலில் நொண்டியபடி அவன் வேலியைத் தாண்டி விழுந்தான். பூட்ஸ் அங்கேயே களிமண்ணாகி உள்ளே போனது.

காரை அவன்தான் ஓட்டினான். புனிதா பானையை மடியில் அணைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நெடுஞ்சாலை ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. ஷா ஆலம் வந்ததும் ஜாம். முன்னால் காணுமிடமெல்லாம் சிவப்பு விளக்குகள், பக்கத்துக் கால்வாயில் பழுப்புத் தண்ணீர். அது மழைத் தண்ணீரின் போக்கில் ஓடாமல் எதிர்ப்பக்கமாக, அவர்கள் போகிற திசைக்கே ஓடியது.

"நம்ம பின்னாடியே வருதுக்கா. வரட்டும், நாம முந்திருவோம்" என்றான் விமலன்.

புனிதாவுக்கு வேறு ஒரு பயம் வந்திருந்தது. பானை இலேசாகிக்கொண்டு வந்தது. ஏறும்போது தொடையை நசுக்கிய கனம், கார் போகப் போகக் குறைந்தது. தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை, கனம் மட்டும் எங்கோ போய்க்கொண்டிருந்தது. அவள் விமலன் தோளைத் தட்டினாள், பானையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள்.

"கனம் குறையுதா? சாமி மனசு இறங்கிட்டாருக்கா, நல்ல சகுனம்" என்றான் அவன். அவளும் அப்படியே இருக்கட்டும் என்று நம்பப் பார்த்தாள்.

கிள்ளான் வீட்டு வாசலில் இறங்கியபோது அது வெறும் பானைத் தண்ணீரின் கனமாகிவிட்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நனைந்த மண்ணை மிதித்து உள்ளே போனாள். கூடத்தில் கிஷனுக்குச் சேறு கழுத்துக்கு ஏறியிருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் கண் மலர்ந்தது. நேராகப் போனால் அவனை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு சொட்டுச் சிந்தினாலும் அவன் கரைந்துபோவானே என்று அவள் சுவரோரமாக ஒதுங்கி, ஒட்டி ஒட்டி நடந்து பின்கட்டுக்குப் போனாள். விமலன் காலையில் நட்டுவைத்த கல்மேல் கலசத்தைக் கவிழ்த்தாள்.

கல் அதிர்ந்தது. விமலன் உடம்பு விறைத்து, கண் மேலே செருகி, அவனுடையதல்லாத குரல் ஒன்று அவன் வாயிலிருந்து வந்தது.

"எங்கடி என் எல்லை?"

புனிதா விழுந்து கும்பிட்டாள். வாய் ஒருவழியாகத் திறந்தது. "சாமி, என் தம்பியைக் காப்பாத்து."

"எல்லை எங்கடின்னு கேக்கறேன். எப்படிக் கொண்டாந்த என்னை?"

"கார்ல, சாமி."

அந்தக் குரல் கோபப்படும் என்று எதிர்பார்த்தாள். கோபமே இல்லை. அதைவிடக் கொடுமையாக, அலுத்துப்போயிருந்தது.

"என்னைச் சுமந்து நடந்த மண்ணுதான் மகளே எனக்கு எல்லை. உன் பாட்டன் பூட்டன் நடந்தது கார் இல்லாததனால இல்ல. காலு பட்ட தூரத்துக்குத்தான் என்னால காவல் காக்க முடியும். நீ வாசல்லேர்ந்து இந்தக் கல்லு வரைக்கும் நடந்தே. உன் பாத அகலம். எனக்கு அவ்வளவுதான் இருக்கு."

"திரும்பப் போய் நடந்து வரேன் சாமி. இப்பவே போறேன்."

"கவுத்த பானையில நான் இல்ல. தடத்துல வந்தது என்னோடது. வெளிய இருக்கறது சேத்துவாயனோடது." குரல் அடங்கியது. விமலன் துவண்டு விழுந்தான்.

புனிதா உள்ளே ஓடினாள். வெள்ளை டைல் தரையில் அவள் பாதங்களின் மண் தடம் சுவரோரமாக வளைந்து போயிருந்தது. கிஷனின் நாற்காலிக்கும் அதற்கும் நடுவில் ஒரு கை நீளம். அவ்வளவு பத்திரமாக ஒதுங்கி நடந்திருந்தாள்! நேராக வந்திருந்தால், அவனை உரசியிருந்தால், ஒரு விரலைக் கரைத்திருந்தால்கூட அவன் இப்போது எல்லைக்குள் இருப்பான். தலையில் அடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. வாசல் சாக்கடை பொங்கிப் படியேறிக்கொண்டிருந்தது. குமுதா ஆன்டி அலறிக்கொண்டு பின்பக்கமாக ஓடினாள்.

"விமலா, பிடிடா!"

அவன் தட்டுத்தடுமாறி எழுந்து ஓடிவர, இருவரும் நாற்காலியைத் தூக்கப் பார்த்தார்கள். அது அசையவில்லை. கிஷனின் கால்கள் வழிந்து தரையோடு இறுகிப்போயிருந்தன. இன்னொரு தரம் இழுத்தபோது அவன் இடுப்பில் குறுக்காக ஒரு விரிசல் விழுந்தது.

"வேணாங்கா! வலிக்குது, வேணாம்!"

விட்டுவிட்டார்கள். சேறு அவன் முகவாயில் ஏறியது. புனிதா தன் தடத்தின்மேல் மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"கையக் கொடுடா. நீட்டு, தங்கம். எவ்வளவு முடியுதோ நீட்டு."

அவன் கையைத் தூக்கினான். முழங்கையில் மண் உதிர்ந்தது, ஆனாலும் நீட்டினான். அவள் அந்தக் களிமண் விரல்களைப் பிடித்துத் தடத்துக்குள் இழுத்து வைத்தாள். விரல்களில் நகம் வந்தது. தோல் வந்தது. ரத்தம் ஓடிச் சூடு ஏறியது. மணிக்கட்டு வரைக்கும் அவன் கையாகவே ஆகி, தடத்தின் ஓரத்தில் கோடு கிழித்தாற்போல நின்றது. அதற்கு மேலே எல்லாம் மண்.

கிஷன் அதைப் பார்த்தான். "சூடா இருக்குக்கா" என்றான்.

"ஆமாடா, சூடா இருக்கு."

அவன் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தான். சேறு உதட்டை மூடியது. கண்கள் மட்டும் சற்று நேரம் அவளையே பார்த்தன, பிறகு அவையும் மூடிக்கொண்டன. படியேறிய சேறு வேண்டியது கிடைத்துவிட்டதால் மெதுவாகச் சாக்கடைக்குத் திரும்பியது.

மழை விட்டுவிட்டது. மாலை வெயில் வந்து நாற்காலியில் இருந்ததைக் காய வைக்கத் தொடங்கியது. தோள் முதலில் உதிர்ந்தது. விமலன் வெறுங்காலோடு மூலையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான். "நான்தாங்கா கார்ல போலாம்னு சொன்னேன், நான்தாங்கா" என்று சொன்னதையே சொன்னான். அவனைத் திட்டவும் தேற்றவும் புனிதாவிடம் ஒன்றும் மிச்சமில்லை. தம்பியைக் காப்பாற்றப் போனவள் ஒரு கையைக் காப்பாற்றியிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து விமலன், "எழுந்து வாங்கக்கா" என்று கூப்பிட்டான்.

அவள் எழவில்லை. எழ முடியாது. அந்தக் கை அவள் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.