பித்தானில்லாத இரண்டு கோட்டுகள்

அப்பாவோடு அனுப்ப வேண்டிய கோட்டின் பித்தான்களைக் கழற்றச் சொன்னார்கள். நான் இரண்டு கோட்டுகளின் பித்தான்களையும் கழற்றிவிட்டேன்.

எரியூட்டும் இடத்தில் உலோகம் கூடாது. மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், செப்புப் பித்தான் எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது என்று சடங்குகளை நடத்திக்கொடுக்க வந்த மியாகே நேற்றே குனிந்து குனிந்து சொல்லியிருந்தார். பட்டறையில் அப்பாவின் ஆணியில் இரண்டு கோட்டுகள் தொங்கின. முதலில் கைக்கு வந்ததை எடுத்து, பித்தானைப் பிடித்திருக்கும் உள்பக்க வளையங்களைத் தள்ளி, பித்தான்களைத் தேநீர்க் கிண்ணத்தில் போட்டேன். முடித்த பிறகுதான் இது பழையதோ என்று சந்தேகம் வந்தது. பதறிப்போய் மற்றதையும் கழற்றி, அதே கிண்ணத்தில் கொட்டினேன். தூக்கமில்லாதவன் செய்த காரியம் என்று சொல்லிக்கொள்ளலாம். நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

ஒரு கோட்டு, கோபேயின் பழம்பொருள் சந்தையில் அப்பா கண்டெடுத்தது. போருக்கு முன்னால் எவனோ ஒரு அமெரிக்க ரயில்வேக்காரன் போட்டுத் தேய்த்தது. அதை அளந்து, தையலை எண்ணி, அதே போன்ற துணியை அவுரி நீலத்தில் நெய்வித்து, தைத்து விற்றுத்தான் எங்கள் வீட்டில் சோறு வெந்தது. எங்கள் ஊரான கொஜிமாவில் பாதிப் பேருக்கு இதுதான் பிழைப்பு. பழையதைப் புதிதாகச் செய்வது. மற்ற கோட்டு, அதைப் பார்த்து நான் தனியாகத் தைத்த முதல் நகல். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அப்பா பட்டறையில் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அதுதான் அவரோடு போக வேண்டும். தவறிப் பழையது போய்விட்டால் அளந்து பார்க்க ஒன்றும் மிஞ்சாது. இனி நகலைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பித்தான்தான் அடையாளமாக இருந்தது. பழையதில் பொறித்திருந்த ரயில் என்ஜின் தேய்ந்து வெறும் மேடாகியிருக்கும். இப்போது தேய்ந்த என்ஜினும் தேயாத என்ஜினும் கிண்ணத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

தெய்ஜி சித்தப்பா இரண்டு கோட்டுகளையும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நூலுக்குச் சாயம் தோய்ப்பவர். கறுப்புக் கோட்டும் கறுப்புக் கழுத்துப்பட்டையும் அணிந்திருந்தும் நகங்கள் மட்டும் நீலமாகவே இருந்தன.

"ஏண்டா ரியோஜி, கடைக்கு வர்றவங்களை நிக்கவெச்சுப் பிரசங்கம் பண்ணுவியே, அசலையும் நகலையும் இருட்டுலகூடப் பிரிச்சுச் சொல்லிடுவேன்னு. இப்ப நல்ல வெளிச்சம்தானே?"

"நூலைப் பாருங்க சித்தப்பா."

"ரெண்டும் பருத்தி நூல். அந்தக் காலத்து முறுக்கு. இதை யாரு தேடிப் பிடிச்சது?"

"நான்தான்."

"சாயம் போட்டது நான். எனக்கே தெரியல. உன்னைப் பாராட்டறதா, உதைக்கறதா?"

"முழங்கை ஒட்டு?"

"ரெண்டுலயும் உங்கப்பன் போட்டதுதான். அண்ணனைக் கேட்டா ஒரு நொடியில..."

சித்தப்பா நிறுத்திக்கொண்டார். இருவரும் பக்கத்து அறையைப் பார்த்தோம். முகத்தில் வெள்ளைத் துணியோடு அப்பா பெட்டியில் படுத்திருந்தார். ஊதுவத்திப் புகை ஆடாமல் மேலே போனது. சித்தப்பா காலியான தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். தைத்துக் கொடுத்த அன்றே, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். "துணி விறைப்பா இருக்கு. துவைச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். துவைத்த பிறகு கேட்டேன். "இன்னொரு தடவை துவைக்கட்டும்." வருஷா வருஷம் கேட்டேன். கடைசியாக ஆஸ்பத்திரியில், எதை எதையோ பேசிவிட்டு அதே கேள்வியில் வந்து நின்றேன். "அதைத் துவைக்கப் போட்டியா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோட்டு வெளுத்தது. பதில் வரவில்லை.

மியாகே வாசலருகே மண்டியிட்டு உட்கார்ந்தார். "மன்னிக்கணும். வண்டி வந்துடுச்சு. மூடி போட்டுடலாங்களா?"

அவருக்குப் பின்னாலேயே கறுப்புக் கிமோனோவில் அம்மா வந்தாள்.

"எதுடா?"

"பார்த்துக்கிட்டிருக்கேம்மா."

"பார்த்தா தெரியுமா?"

சித்தப்பா கையிலிருந்து ஒரு கோட்டை வாங்கி, தோள்பட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். கீழே வைத்தாள். மற்றதை எடுத்தாள். அதை அத்தனை சீக்கிரம் கீழே வைக்கவில்லை.

"இது."

"எப்படிம்மா?"

"தோள்வலிக்கு ஒட்டுவாரே பிளாஸ்திரி, அந்த வாடை. எத்தனை துவைச்சாலும் போகாது. அந்த வெள்ளைக்காரன் கோட்டை அவர் ஒருநாளும் போட்டதில்ல. கிழிஞ்சுடும்னு பயம்."

வாடிக்கையாளர்களுக்கு நான் செய்யும் பிரசங்கத்தில் மூக்குக்கென்று தனிப் பகுதியே உண்டு. சித்தப்பா என்னைப் பார்த்தார். பெரிய மனது, மிஞ்சிய கோட்டை மடிக்க ஆரம்பித்தார்.

அம்மா கோட்டை அப்பாவின் மேல், பூக்களை ஒதுக்கிவிட்டு, விரித்தாள். காலரைச் சரிசெய்தாள். நான் கோட்டின் வலது கையை நீவிவிட்டேன். பித்தானில்லாத காஜாக்கள் திறந்தபடியே கிடந்தன.

"அம்மா, நல்லா இருக்குன்னு உன்கிட்டயாவது சொன்னாரா?"

"இல்ல" என்றாள் அம்மா. "வலது கையைத் தூக்கினா அக்குள்ல பிடிக்குதுன்னார். போட்ட அன்னிக்கே."

சித்தப்பா இருமினார். என் கை தானாகப் பைக்குள் போய், தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்தது. ஓர் அங்குலம் பிரித்துவிட்டால் போதும்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல? அரை நாள் வேலைதானே?"

"சொன்னா கழட்டி வாங்கிட்டுப் போயிடுவே. அவருக்குக் குடுக்க மனசில்ல."

மியாகே மூடியைத் தூக்கினார். நான் கத்திக்கு உறை போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.