மலையா, பாறையா

கிருஷிகனுக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரூ காய் தெருவில் இருந்த பலசரக்குக் கடையில், காலையில் அடுக்கிய தேங்காய்ப்பால் டின்களை இறக்கி, துடைத்து, மறுபடி அதே தட்டில் அதே வரிசையில் அடுக்கினான். வாடிக்கையாளர் ஒருவர் வெந்தயம் கேட்டதற்குப் பெருஞ்சீரகத்தை எடுத்துக் கொடுத்தான்.

பெப்ரவரி விடுமுறைக்கு மொரோக்கோ போவது என்று கிளப்பிவிட்டதே அவன்தான். பாலைவனத்தின் நடுவே ஒரு பாறை வளைவு. காற்றே குடைந்து செய்த வாசல். இணையத்தில் அந்தப் படத்தைக் கண்ட நாளிலிருந்து கடை முதலாளி ஸ்ரீஸ்கந்தராசாவையும் இரண்டு கூட்டாளிகளையும் நச்சரித்துச் சம்மதிக்க வைத்திருந்தான். ஒரு மணி நேர நடை, கடைசியில் கொஞ்சம் ஏற்றம், சிறுபிள்ளைகளும் போகலாம் என்று போட்டிருந்தது. முதலாளிக்கு ஆசை பற்றிக்கொண்டது. புட்டுக்கு மா கொண்டுபோவதா, போன இடத்தில் ரொட்டி வாங்குவதா என்பது ஒன்றுதான் அவருடைய கவலை. அன்று மாலை டிக்கெட் எடுப்பதாக இருந்தது.

இதற்கிடையில் அவன் மனைவி சாம்பவிக்கு நாள் தள்ளிப்போயிற்று.

புருசனும் பெண்சாதியும் சந்தோஷப்படவே பயந்தார்கள். முன்பு ஒரு தடவை சந்தோஷப்பட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள். அந்தத் தடவை, செய்தி தெரிந்த அடுத்த வாரமே கிருஷிகன் கூட்டாளிகளோடு ஆல்ப்ஸ் பக்கம் ஒரு மலை ஏறிவிட்டு வந்தான். கொஞ்ச நாளில் கரு கலைந்துவிட்டது. ஊரில் இருந்த அம்மாவுக்குச் சொல்லத் தைரியமில்லாமல் தொலைபேசியைச் சாம்பவியின் கையில் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டான் அந்த வீரன். பிள்ளைத்தாய்ச்சியை வீட்டில் வைத்துக்கொண்டு புருசன்காரன் மலை ஏறலாமா என்று அம்மா கேட்டது முதலில் விழுந்தது சாம்பவியின் காதில்தான்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் பிரெஞ்சில் சொன்னார். அதை அவன் மூளை ஏற்றுக்கொண்டது. அம்மா தமிழில் கேட்டது உள்ளே எங்கோ போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

சாம்பவியின் பயம் வேறு. அந்த முறை லா ஷப்பல் முழுக்கத் துக்கம் விசாரித்தது. மீன் வாங்கப் போன இடத்தில்கூட, பப்பாளி சாப்பிட்டீரா, பாரம் தூக்கினீரா என்று ஆளாளுக்குக் குடைந்தார்கள். பிறகு வெகுநாள் அவள் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. அதனால்தான் இந்த முறை, மூன்றாம் மாத ஸ்கேன் முடியும்வரை மூச்சுவிடக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"நீங்கள் போகேல்லை எண்டால் உடனை எல்லாருக்கும் விளங்கிவிடும். போயிட்டு வாங்கோ," என்றாள். தனக்கு அந்த மாதிரி நம்பிக்கைகள் ஒன்றும் கிடையாது என்றும் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு பக்கமும் அடி விழுகிற மனிதன் என்ன செய்வான்? நடுவில் ஒரு சந்து தேடினான். அது மலையா, பாறையா? மலை என்றால்தானே குற்றம், பாறைக்கு என்ன? அப்படி மனதைத் தேற்றிக்கொண்டிருக்கும்போதே, போன கிழமை சாமான் கொடுக்க மொன்மார்த்தர் குன்றின் படிகளில் ஏறியது ஞாபகம் வந்தது. அது எந்தக் கணக்கில் சேரும்?

மத்தியானம் முதலாளியிடம், தான் கீழே நின்று படம் எடுப்பதாகவும் மற்றவர்கள் ஏறட்டும் என்றும் மெல்லச் சொன்னான். முழங்கால் நோகிறதாம்.

"அதென்ன மலையே தம்பி, ஒரு கல்லு," என்று முதலாளி சிரித்தார்.

நோகிறது என்று சொன்ன வாய் மூடவில்லை, கிருஷிகன் நிலவறையிலிருந்து அரிசி மூட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறென்று படியேறி வந்து நின்றான். கல்லாவில் இருந்த முதலாளியின் மனைவி கோசலை மூட்டையைப் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பார்த்தாள். கோசலைக்குத் தெரிந்தால் பின்னேரத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். முழங்கால் நோவு மாறிவிட்டது, முதல் ஆளாக நானே ஏறுவேன் என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்லிய கிருஷிகன், டிக்கெட் எடுக்கக் கடவுச்சீட்டைக் கொண்டுபோய்க் கல்லா மேசையில் வைத்தான். வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை.

அப்போதுதான் சாம்பவி கடைக்குள் வந்தாள். வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். அவனைத் தாண்டிக் கல்லாவுக்குப் போனாள்.

"அக்கா, எனக்கு ரெண்டு மாசம்," என்றாள். "இவர் மலை ஏறேலாது."

முதலாளி கையிலிருந்த மாப் பைக்கற்றைக் கீழே வைத்தார். கோசலை பப்பாளியைப் பற்றிக் கேட்கவில்லை. கடவுச்சீட்டை மட்டும் எடுத்துக் கிருஷிகன் பக்கம் தள்ளிவிட்டாள்.

தெருவுக்கு வந்ததும் கிருஷிகன் கேட்டான், ஏன் இப்படிச் செய்தீர் என்று.

"நாலு நாளாய் நித்திரையில்லாமல் திரியிறியள். எனக்குப் பாத்துக்கொண்டிருக்கேலாமல் போச்சு." அதுவரை நிதானமாக இருந்தவளின் குரல் அங்கே உடைந்தது. "இனி எல்லாருக்கும் தெரியும். ஏதும் நடந்தால் ஒவ்வொருத்தருக்கும் நான்தானே சொல்லவேணும்."

"நீர் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம். கேக்கிற ஆக்கள் என்னட்டை வந்து கேக்கட்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமி கேட்டால்?"

கிருஷிகன் சட்டைப்பையில் இருந்த தொலைபேசியை ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.

"ஓம்," என்றான். "அம்மாவோடையும் நான்தான் கதைப்பன்."