வாய்தாவுக்கு ஒரு சொட்டு எண்ணெய்

பெரிய கோர்ட்டில் கொலையும் கொள்ளையும் குவிந்து கிடக்க, தையல்காரியின் திருட்டு வழக்கை எவர் சீண்டுவார்? போனால் வாய்தா, வந்தால் வாய்தா. கடைசியில் இந்த மாதிரி வழக்குகளை மாஜிஸ்திரேட்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அவளுடையது பின்கட்டிலிருந்த சின்ன அறைக்கு வந்தது. சின்ன கோர்ட்டு என்றால் நியாயமும் சின்னதாகத்தான் கிடைக்குமோ என்று அவள் பயந்தாள்.

அவளுக்கு வேண்டியது திருட்டுப்போன அவளுடைய பழைய, துருவேறிய தையல் மெஷின் ஒன்றுதான். திருடனோடு மெஷினும் அன்றே பிடிபட்டது. ஆனால் வழக்கு முடியும்வரை அது சாட்சிப்பொருளாம், தரமாட்டார்களாம். அது சும்மா கிடந்து இறுகிப்போவதைப் பொறுக்காமல், பொருள் அறைக் காவலரைக் கெஞ்சிக் கூத்தாடி, ஒவ்வொரு வாய்தாவுக்கும் துருவைத் தேய்த்து எண்ணெய் விட்டுவந்தாள். பிழைப்புக்கு வேறொருத்தர் கடையில் பொத்தான் தைத்தாள்.

அந்த எண்ணெய்தான் வினையாக முடிந்தது. மாஜிஸ்திரேட் அம்மா முதல் நாளே விசாரணையைத் தொடங்கி மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். திருடனுக்காகக் கோர்ட்டே அமர்த்தியிருந்த வக்கீல் துள்ளினார். போலீஸ் கைப்பற்றியது துருப்பிடித்த மெஷின், இதுவோ பளபளக்கிறது, ஆகவே இது வேறு மெஷின் என்றார். துடைத்தது நான்தான் என்றாள் தையல்காரி. அதைப் பார்த்தது யார் என்றார் வக்கீல். அந்தக் காவலர் போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நான் பாத்தேங்க."

சொன்னது கூண்டில் நின்ற ஒல்லிக்குச்சி, சாட்சாத் அந்தத் திருடன். ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் சிறையிலிருந்து வந்து வந்து, பொருள் அறை வாசலில் அவளோடு காத்துக் கிடந்தவன். வக்கீல் கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார், அவன் மசியவில்லை.

"அது அக்காவோடதுதாங்க. நான்தான் எடுத்தேன். அவங்க அதத் தொடைக்கிறதப் பாக்குறப்பல்லாம் ஏன்டா எடுத்தோம்னு இருக்கும். இத்தன நாளா யாரும் என்னைக் கேக்கலீங்க."

மாஜிஸ்திரேட் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யாராவது மிரட்டினார்களா, யோசித்துத்தான் சொல்கிறாயா என்று நிதானமாக விசாரித்தார். அவன் சொன்னதையே சொன்னான். இந்தத் திருட்டுக்குக் கொடுக்கும் தண்டனையைவிட அதிகமாகவே அவன் உள்ளே இருந்தாயிற்று. மத்தியானத்துக்குள் தீர்ப்பு வந்தது: மெஷின் அவளுக்கு, விடுதலை அவனுக்கு. எப்போதோ முடிந்திருக்க வேண்டியது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. தனக்காக மட்டும் அழவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வாசலில் மெஷினை அவளால் அசைக்கக்கூட முடியவில்லை. அவன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"நான் தூக்கட்டுமாக்கா? கனம் எனக்குத் தெரியும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தூக்கு. ஆனா எனக்கு முன்னாடி நட."