அடியில் கிடந்த மரத்தூள்

செத்த கோழியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மல்லாத்திப் போட்டு வயிற்றைக் கிழித்தாள். குடல் விரல் பருமனுக்கு வீங்கியிருந்தது. நீளவாக்கில் கீறியதும் வெள்ளைப் புழுக்கள் கொத்தாகச் சரிந்தன. சில இன்னும் நெளிந்தன. போன மாதம்தான் குடற்புழு மருந்து கொடுத்தாள். ஒவ்வொன்றாகப் பிடித்து அலகைப் பிளந்து ஊற்றியதில் கையெல்லாம் கீறல். அவ்வளவும் வீண்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான் கணவன், பின்வாசலில் நின்று பல் குத்திக்கொண்டே. "எல்லாம் நீ சீராட்டுற புறாங்க கொண்டுவந்தது. சட்டி வெச்சு தண்ணி ஊத்தி விருந்து வெச்சல்ல, அனுபவி. கறிக்கடைக்காரர வரச் சொல்லிட்டேன். மிச்சத்தையாவது அள்ளிக் குடுத்துடலாம்."

வாயோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காலையிலேயே மதில்மேல் இருந்த சட்டியை உடைத்து, கல்லெறிந்து ஒரு காட்டுப்புறாவையும் கொன்று போட்டிருந்தான். அவளுக்கே உள்ளூர ஒரு சந்தேகம் அரித்தது. பறவை எச்சத்திலும் புழு முட்டை வரும்தானே? அந்தப் புறாவையும் எடுத்து அறுத்தாள். மெல்லிய குடல், உள்ளே கொஞ்சம் தானியம். ஒரு புழுகூட இல்லை.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். மருந்து கொடுத்த கையோடு தரையில் கிடக்கும் பழைய மரத்தூளை அள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் எச்சத்தில் விழுந்த முட்டைகளைக் கோழி திரும்பவும் கொத்தித் தின்னும். அள்ளுவது அவன் பொறுப்பு. "தரைய பளிங்கு மாதிரி ஆக்கிட்டேன்" என்று அன்று மார்தட்டினான். பாவம் என்று முதுகுக்குத் தைலம் வேறு தேய்த்துவிட்டாள். இப்போது ஓங்கி ஒரு கொத்து கொத்தினாள். மேலே விரற்கடை உயரத்துக்குப் புதுத் தூள். அடியில் கறுத்து, ஈரம் கசிந்து, கட்டிகட்டியாகப் பழையது அப்படியே கிடந்தது.

"ஏங்க, இங்க வாங்க."

வந்தான். குழியைப் பார்த்தான். "அன்னிக்கு இடுப்பு வலி... மேலாப்புல போட்டா போதும்னு..." என்று இழுத்தான்.

"தைலம் தேச்ச இந்தக் கைய வெட்டிப் போடணும்" என்றாள். "நீங்க செய்யாத வேலைக்குப் புறா செத்துச்சு. அடுத்து என் கோழிங்க. உங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆகாது, இல்ல?"

தெருவில் கறிக்கடை வண்டியின் ஹாரன் கேட்டது. "ஆள் வந்துட்டாரு, வழிய விடு" என்றான்.

மண்வெட்டியை அவன் காலடியில் எறிந்துவிட்டுக் கொட்டகைக் கதவை மறித்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் கோழிகள் மூலையில் ஒண்டிக் கொக்கரித்தன. மதில்மேல் உடைந்த சட்டியின் ஓட்டில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைக் குடிக்க இன்னொரு புறா வந்து இறங்கியது. ஹாரன் மறுபடியும் அடித்தது. அவள் நகரவில்லை.